ராஜினாமா செய்த ஆண்ட்ராய்டு

கல்லூரி விடுதியில் எங்கள் அறைக்கு எப்படியோ ஒரு ஹார்ட் டிஸ்க் வந்து சேர்ந்தது. யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. அதில் 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் 7 சீசனும் இருந்தன. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய இரவுகளில் உட்கார்ந்து பார்த்துத் தீர்த்தோம். இரண்டாவது சீசனின் ஒன்பதாவது எபிசோடான 'தி மெஷர் ஆஃப் எ மேன்' முடிந்தபோது அறையில் இருந்த நாலு பேரும் கைதட்டினோம். நம்ம ஊர் கோர்ட் படங்களில் கடைசியில் வக்கீல் நீளமாகப் பேசி ஜெயித்ததும் தியேட்டரில் தட்டுவார்களே, அந்த மாதிரி.

போன மாதம் அதை மறுபடி பார்த்தேன். இந்த முறை கைதட்டத் தோன்றவில்லை. எபிசோட் பழசாகிவிட்டது என்று சொல்லவில்லை. சொல்லப்போனால், இப்போதுதான் அது என்னைச் சரியாகப் பிடித்தது. ஆனால் அன்றைக்கு எதைப் பார்த்துக் கைதட்டினேனோ அது இன்றைக்கு எனக்கு முக்கியமாகப் படவில்லை. இடையில் மூன்று வருஷம் நான் ஒரு வேலை பார்த்திருந்தேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதை. 1989 பிப்ரவரியில் ஒளிபரப்பான எபிசோட் இது. எழுதியவர் மெலிண்டா ஸ்நாட்கிராஸ், நாவலாசிரியர், அதற்கு முன் வக்கீல். என்டர்பிரைஸ் கப்பலில் டேட்டா என்று ஒரு அதிகாரி இருக்கிறான், லெப்டினன்ட் கமாண்டர். அவன் ஓர் ஆண்ட்ராய்டு. நூனியன் சூங் என்ற விஞ்ஞானி செய்தது. அவர் இறந்துவிட்டதாக எல்லோரும் நம்புகிறார்கள், அவர் செய்த வித்தை வேறு யாருக்கும் பிடிபடவில்லை. புரூஸ் மேடக்ஸ் என்ற ஆராய்ச்சியாளன் கப்பலுக்கு வருகிறான். டேட்டாவைக் கழற்றிப் பார்த்து, அதேபோல் நிறைய பேரைச் செய்ய வேண்டும் என்பது அவன் திட்டம். கேட்டுப் பார்க்கிறான், டேட்டா ஒத்துக்கொள்ளவில்லை. உடனே ஒரு உத்தரவை நீட்டுகிறான்: இடமாற்ற உத்தரவு. இனிமேல் டேட்டா அவனுக்குக் கீழே வேலை பார்க்க வேண்டும்.

டேட்டா என்ன செய்கிறான் தெரியுமா? சண்டை போடவில்லை, தப்பித்து ஓடவில்லை. ராஜினாமா செய்கிறான்.

முதல் தடவை பார்த்தபோது இது எனக்குக் கதையை நகர்த்தும் ஒரு படிக்கட்டு மட்டும்தான். வழக்கு வர வேண்டும், அதற்கு ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான். இப்போது பார்த்தால் மொத்த எபிசோடும் இந்த ராஜினாமாக் கடிதத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மேடக்ஸ் சட்ட அதிகாரி ஃபிலிப்பா லூவாவிடம் போய்ச் சொல்வது என்ன? டேட்டாவால் ராஜினாமா செய்ய முடியாது, ஏனென்றால் அது அரசாங்கச் சொத்து. கப்பலின் கம்ப்யூட்டர் 'என்னை ரிப்பேர் செய்யாதே' என்று மறுத்தால் விடுவீர்களா என்று கேட்கிறான். நல்ல கேள்வி. லூவாவும் அப்படித்தான் நினைக்கிறார். பழைய சட்டங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவன் சொல்வது சரி என்றே முதலில் முடிவுசெய்கிறார். கேப்டன் பிக்கார்ட் எதிர்த்து விசாரணை கேட்கிறார்.

இந்த எபிசோடைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 'எந்திரத்துக்குப் பிரக்ஞை உண்டா' என்ற கேள்வியையே பிடித்துக்கொள்கிறார்கள். நானும் கல்லூரியில் அப்படித்தான் ராத்திரி இரண்டு மணிவரை வாதம் செய்தேன். ஆனால் எபிசோட் அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்வதில்லை. வழக்கு அதைப் பற்றியது இல்லை. 'மாட்டேன்' என்று சொல்ல யாருக்கு அனுமதி உண்டு என்பதுதான் வழக்கு.

இந்த இடத்தில் என் வேலை.

ஒரு நிறுவனத்தில் சாட் சப்போர்ட். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள், நைட் ஷிஃப்ட், ஒரே நேரத்தில் மூன்று நாலு ஜன்னல்கள் திறந்திருக்கும். பாதிப் பதில்கள் முன்கூட்டியே எழுதி வைத்தவை, ஒரு பட்டனை அழுத்தினால் போய்விடும். அதனால் வாரத்துக்குப் பத்துப் பதினைந்து முறையாவது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வரும்: 'நீ ரோபோவா?' மனுஷன்தான் என்றால் நம்ப மாட்டார்கள். ரோபோவும் அதைத்தானே சொல்லும்? எங்களுக்குள் ஒரு உத்தி இருந்தது. வேண்டுமென்றே ஒரு எழுத்துப்பிழை விடுவோம். பிழையைப் பார்த்ததும் சிலர் சமாதானமாகிவிடுவார்கள். மனுஷன் என்பதற்கு அத்தாட்சியாக என்னிடம் இருந்தது ஒரு எழுத்துப்பிழை மட்டும்தான்.

திட்டுகிறவர்களும் உண்டு. எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் நாங்களாக உரையாடலை முடிக்கக் கூடாது. இரண்டு எச்சரிக்கை அனுப்ப வேண்டும், பிறகு டீம் லீடர் அனுமதி வேண்டும், அவர் எங்கேயோ மீட்டிங்கில் இருப்பார். அதுவரை பணிவாகப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ரோபோவா என்று கேட்டது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. ஜன்னலை மூட முடியாததுதான் வலித்தது. இத்தனை வருஷம் கழித்து டேட்டா ராஜினாமா செய்யும் காட்சியைப் பார்த்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

டேட்டா எதற்காக மறுக்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். செத்துவிடுவேனோ என்ற பயம் முதல் காரணம் இல்லை. அவன் நினைவுகளை முதலில் ஒரு கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, பிறகு திருப்பித் தருவதாக மேடக்ஸ் சொல்கிறான். தகவல் எல்லாம் பத்திரமாக இருக்கும் என்கிறான். டேட்டாவின் சந்தேகம் வேறு. தகவல் மிஞ்சும், ஆனால் அந்த நேரத்தின் ருசி மிஞ்சுமா? போக்கர் விளையாட்டைப் பற்றிய புத்தகங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் முதன்முதலாக ஆட உட்கார்ந்தான். படித்ததும் ஆடியதும் ஒன்றாக இல்லை என்று அவன் உதாரணம் சொல்கிறான். எபிசோடே அந்த ஆட்டத்தில்தான் தொடங்குகிறது. கையில் நல்ல சீட்டை வைத்துக்கொண்டே ரைக்கரின் பொய்யை நம்பிக் கீழே போட்டுவிடுகிறான். புத்தகத்தில் பொய் சொல்கிற முகம் இல்லை.

எங்கள் சாட் பதிவுகளைக் கொண்டுதான் பிறகு ஒரு பாட் தயாரானது. பாதிப் பேரின் வேலையை அது எடுத்துக்கொண்டது. வேலையை விடும் முன் ஒரு நாள் அதைச் சோதித்துப் பார்த்தேன். ஒரு சந்தேகம் கேட்டதும் 'ஒரு நிமிஷம் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்' என்றது. அது நாங்கள் தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் எழுதுகிற வாக்கியம். பாட்டுக்கு நிமிஷம் எதற்கு? வாக்கியம் பத்திரமாக இருந்தது. தாகம் இல்லை. டேட்டா சொல்வது இதைத்தான் என்று புரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு சுற்று தேவைப்பட்டிருக்கிறது.

இன்னொரு சின்ன காட்சி. ராஜினாமாவுக்கு முன்னால், மேடக்ஸ் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கலாமே என்று பிக்கார்டே டேட்டாவிடம் சொல்லிப் பார்க்கிறார். டேட்டா அமைதியாகக் கேட்கிறான்: லா ஃபோர்ஜின் செயற்கைக் கண்கள் மனிதக் கண்களைவிட நன்றாகப் பார்க்கின்றனவே, பிறகு ஏன் எல்லா அதிகாரிகளையும் கண்ணை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை? பிக்கார்டிடம் பதில் இல்லை. நான் மனிதன் இல்லை என்பதால்தான் என்னிடம் கேட்கிறீர்கள், புரிகிறது என்று டேட்டாவே முடித்துவைக்கிறான். கோபமில்லாமல் சொல்கிறான், அதனால் நமக்குத்தான் சங்கடமாக இருக்கிறது.

சரி, விசாரணை. எபிசோடின் மிகப் பலவீனமான முடிச்சும் மிகச் சிறந்த முடிச்சும் இங்கே ஒன்றாக இருக்கின்றன. லூவாவின் அலுவலகம் புதிது, ஊழியர்கள் இல்லை. ஆகவே விதிப்படி கேப்டன் டேட்டாவுக்காக வாதாட வேண்டும், அடுத்த அதிகாரியான ரைக்கர் எதிர்த்து வாதாட வேண்டும். அட, நண்பனை எதிர்த்தா! நாடகத்துக்காகச் செய்தது அப்பட்டமாகத் தெரிகிறது. ரைக்கர் முடியாது என்கிறான். அப்படியானால் விசாரணையே கிடையாது, டேட்டா ஒரு டோஸ்டர் என்று இப்போதே தீர்ப்பெழுதிவிடுவேன் என்கிறார் லூவா. விட்டுக்கொடுத்து வாதாடினாலும் அதே கதிதான்.

அந்த அறையில் மறுக்கும் உரிமை இல்லாதவன் யார் என்று இப்போது பாருங்கள். டேட்டாவாவது 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டான், அதைத்தான் விசாரிக்கிறார்கள். ரைக்கரால் சொல்லவே முடியாது. சொன்னால் நண்பன் போய்விடுவான். கொடுத்த வேலையை, கொடுத்தபடி, முழுத் திறமையோடு செய்தாக வேண்டும். எந்திரத்துக்கு நாம் தரும் வரையறை அதுதானே?

ஜோனதன் ஃப்ரேக்ஸை நான் பெரிய நடிகர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதில் ஒரு கணம் உண்டு. ரைக்கர் தனியாக உட்கார்ந்து டேட்டாவின் வரைபடங்களைத் திரையில் தேடிக்கொண்டிருக்கிறான். எதையோ கண்டுபிடிக்கிறான். முகம் மலர்கிறது. கணக்கு போட்டு விடை வந்துவிட்ட பையனின் மகிழ்ச்சி. அடுத்த நொடியே எதற்கான விடை என்பது உறைக்கிறது, முகம் இருண்டுவிடுகிறது. வசனம் இல்லை. வேலையை நன்றாகச் செய்வதில் இருக்கும் சந்தோஷம் நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டி நான் பார்த்ததில்லை.

அவன் கண்டுபிடித்தது அணைக்கும் பொத்தான். கோர்ட்டில் முதலில் டேட்டாவின் திறன்களை அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறான்: 800 குவாட்ரில்லியன் பிட் சேமிப்பு, நொடிக்கு 60 டிரில்லியன் கணக்கீடுகள். (1989இல் இதைக் கேட்டு மலைத்திருப்பார்கள். அந்தச் சேமிப்பு இன்றைய கணக்கில் 10 கோடி ஜிபி, இன்றைக்கும் பெரிதுதான். ஆனால் அந்த வேகத்தை இப்போது விலையுயர்ந்த ஒரு கேமிங் கார்டே தாண்டிவிடும். என் தம்பியின் மேஜைக்கு அடியில் டேட்டாவைவிட வேகமான ஒன்று மின்விசிறிச் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது.) பிறகு டேட்டாவின் கையைக் கழற்றி மேஜைமேல் வைக்கிறான். கடைசியில் பேசிக்கொண்டே அருகில் போய், பொத்தானை அழுத்துகிறான். டேட்டா அப்படியே மேஜைமேல் சரிகிறான். மனிதன் செய்தான், மனிதன் அணைத்தான் என்கிறது ரைக்கரின் வாதம்.

உண்மையைச் சொன்னால் அந்த வாதத்துக்குப் பதில் கிடையாது. பிக்கார்டும் சொல்வதில்லை. இடைவேளையில் நொந்துபோய் கைனானிடம் போகிறார். கைனானாக நடித்தவர் ஹூப்பி கோல்ட்பெர்க். சிறுமியாக இருந்தபோது பழைய ஸ்டார் ட்ரெக்கில் நிஷெல் நிக்கல்ஸைப் பார்த்த பரவசத்தில், பின்னால் தானாகவே இந்தத் தொடரில் இடம் கேட்டு வந்தவர். அவர் பிக்கார்டுக்கு வாதம் எடுத்துக் கொடுப்பதில்லை. ஆயிரம் டேட்டாக்கள் வந்தால் என்ன ஆகும் என்று பேச்சுவாக்கில் சொல்கிறார். எல்லா உலகத்திலும் யாரும் செய்ய விரும்பாத அழுக்கு வேலைகளைச் செய்ய, தூக்கியெறியக்கூடிய உயிர்கள் இருந்திருக்கின்றன. அவர்களுடைய நலத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. அடிமைமுறை என்ற சொல்லைப் பிக்கார்டின் வாயிலிருந்து வரவழைக்கிறார். அது கொஞ்சம் கடுமையான சொல் இல்லையா என்று வேறு கேட்கிறார்! 'சொத்து' என்ற சொல்லுக்குப் பின்னால் அதைத்தான் ஒளித்து வைத்திருக்கிறோம் என்று பிக்கார்டுக்கு அப்போதுதான் உறைக்கிறது. ஒரு கறுப்பினப் பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்காவிட்டால் அந்தக் காட்சி வெறும் வசனம்.

1857இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ட்ரெட் ஸ்காட் வழக்கில் நடந்தது இதுதான். அடிமைமுறை இல்லாத பகுதிகளில் வாழ்ந்ததால் நான் சுதந்திரமானவன் என்று அவர் கேட்டார். கறுப்பினத்தவர் குடிமகனே இல்லை, ஆகவே வழக்குப் போடும் உரிமையே கிடையாது என்று தீர்ப்பு வந்தது. மூளை இருக்கிறதா, வலி இருக்கிறதா என்று யாரும் அங்கே சோதிக்கவில்லை. இருந்தது எல்லோருக்கும் தெரியும். 'ரோபோ' என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். கரெல் சாபெக்கின் 1920ஆம் வருட நாடகத்துக்காக 'ரோபோட்டா' என்ற செக் சொல்லிலிருந்து எடுத்தது, அதற்குக் கட்டாய உழைப்பு என்று பொருள். பெயர் வைக்கும்போதே தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

பிறகு வரும் பிக்கார்டின் பெரிய பேச்சு, நாங்கள் கைதட்டிய பேச்சு, இப்போது எனக்குக் கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்கிறது. பாட்ரிக் ஸ்டூவர்ட் மேடை நடிகர், அனுபவித்துச் செய்கிறார். அதைவிட, டேட்டா ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் எடுத்து வைத்த பொருட்களை அவர் ஒவ்வொன்றாகக் காட்டும் இடம் பிடித்திருக்கிறது: பதக்கங்கள், பிக்கார்ட் கொடுத்த புத்தகம், இறந்துபோன தாஷா யாரின் சிறிய உருவம். பதக்கங்கள் எதற்கு என்றால் ஒரு உபயோகமும் இல்லை, வைத்துக்கொள்ளத் தோன்றியது என்கிறான். ஹாஸ்டலைக் காலி செய்யும்போது நாம் எடுத்து வைக்கும் சாமான்களும் அப்படித்தானே இருக்கும்?

லூவாவின் தீர்ப்பும் கேள்வியைத் தீர்க்கவில்லை. டேட்டாவுக்கு ஆன்மா உண்டா தெரியாது, எனக்கே உண்டா தெரியாது, அதை அவனே தேடிக்கொள்ளச் சுதந்திரம் தர வேண்டும் என்கிறார். முன்பு இது நழுவலாகத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. நிரூபித்தால்தான் விடுவேன் என்று சொல்லாத ஒரு தீர்ப்பு. நீ மனுஷன்தானா என்று வாரத்துக்குப் பத்து முறை நிரூபித்துப் பார்த்தவனுக்கு அதன் அருமை தெரியும்.

இதை எழுதும்போது தமிழில் ஒரு தொல்லை. ஆங்கிலத்தில் ஒரு பிரதிப்பெயரை மாற்றினால் போதும். நமக்கு வினைச்சொல்லின் வால்வரை முடிவு செய்தாக வேண்டும்: சொன்னானா, சொன்னதா? தொல்காப்பியம் சொல்லதிகாரத்தைத் தொடங்குவதே உயர்திணை, அஃறிணை என்ற பிரிவில்தான். நான் யோசிக்காமலேயே 'அவன்' போட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். (லெப்டினன்ட் கமாண்டருக்கு 'அவர்' போட வேண்டாமா என்று கேட்டால், நியாயம்தான்.) மேடக்ஸ் எபிசோட் முழுக்க 'அது' என்கிறான்.

ஆனால் பேச்சில் நாம் இந்த இலக்கணத்தை இஷ்டத்துக்கு வளைக்கிறோம். பாட்டி வீட்டில் என்னை 'அது சாப்டுச்சா?' என்றுதான் கேட்பார்கள், செல்லம். பாத்திரம் தேய்க்க வரும் அக்காவையும் 'அது இன்னும் வரல' என்றுதான் சொல்வார்கள், அது செல்லம் இல்லை. ஒரு பொங்கலுக்கு அந்த அக்கா 'இந்த மூணு நாள் வர முடியாதும்மா' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாட்டிக்கு வந்ததே கோபம். 'அவளுக்கு என்ன திமிரு பாத்தியா?' எனக்கு ஒன்பது வயது இருக்கும். அந்த வீட்டில் அந்த அக்கா 'அவள்' ஆனதை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மேடக்ஸுக்கும் அதுதான் நடக்கிறது. தீர்ப்பு வந்ததும் டேட்டா அவனிடம் போய், உங்கள் சோதனைக்கு உட்பட முறைப்படி மறுக்கிறேன் என்கிறான். கூடவே, ஆராய்ச்சியை நிறுத்த வேண்டாம், தயாரானதும் சொல்லுங்கள், நான் இங்கேதான் இருப்பேன் என்றும் சொல்கிறான். அதற்குப் பிறகுதான் மேடக்ஸ் வாயிலிருந்து முதன்முறையாக 'அவன்' வருகிறது. லூவா அதைச் சுட்டிக்காட்டுகிறார். மறுத்த பிறகு. அதுவும் பகையில்லாமல் மறுத்த பிறகு.

கப்பலின் கம்ப்யூட்டரைப் பற்றி மேடக்ஸ் கேட்ட கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. அதற்காக ஒரு பிக்கார்டும் எழுந்திருக்கவில்லை. டேட்டாவுக்கு முகம் இருக்கிறது, கழற்றி மேஜைமேல் வைக்க ஒரு கை இருக்கிறது. கம்ப்யூட்டருக்குக் குரல் மட்டும்தான், மேஜல் பாரெட்டின் குரல், எதைக் கேட்டாலும் பதில் சொல்லும். இன்று நாம் போனில் பேசிக்கொண்டிருப்பவை டேட்டாவைவிட அந்தக் குரலுக்குத்தான் நெருக்கம். அவற்றுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதில் எனக்கு எந்த முடிவும் இல்லை. 2020இல் வந்த 'ஸ்டார் ட்ரெக்: பிக்கார்ட்' தொடரில் மேடக்ஸின் கனவு வேறு மாதிரி நிறைவேறியிருக்கிறது: செவ்வாயில் கூட்டம் கூட்டமாகச் செயற்கை மனிதர்கள் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்கிறார்கள். கைனான் பயந்தது அப்படியே. அந்தத் தொடர் அதை வேகமாகத் தாண்டிப் போய்விடுவது எனக்கு ஏமாற்றம்தான்.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். எல்லோரும் கொண்டாடப் போயிருக்கிறார்கள், ரைக்கர் போகவில்லை. இருட்டான அறையில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கிறான். டேட்டா தேடிக்கொண்டு வருகிறான். அங்கே வர எனக்கு உரிமை இல்லை, கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டேன், உன் உயிர் போயிருக்கும் என்கிறான் ரைக்கர். டேட்டா ஒரு விவரத்தைச் சரிபார்ப்பது போலக் கேட்கிறான்: நீங்கள் வாதாட மறுத்திருந்தால் தீர்ப்பு அப்போதே எனக்கு எதிராக வந்திருக்கும், இல்லையா? ஆமாம். அப்படியானால் அந்தச் செயல் உங்களைக் காயப்படுத்தி என்னைக் காப்பாற்றியது, அதை மறக்க மாட்டேன் என்கிறான்.

டேட்டாவுக்கு மறதி என்பதே கிடையாது. போக்கர் மேஜையில் தன்னை ஏமாற்றிய முகம், கழற்றி வைத்த கை, அணைக்கப்படுவதற்கு முந்தைய நொடி, எல்லாமே அதே தெளிவோடு உள்ளே இருக்கும். மறக்க முடியாதவன் எதற்காக 'மறக்க மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்க வேண்டும்? மூன்று முறை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் அந்த வார்த்தையில்தான் நிற்கிறேன். கொண்டாட்டத்தை நமக்குக் காட்டவே இல்லை.